தூசியை விழுங்கும் செல் புற்றுநோயை வளர்க்குமா? மெச்னிகோவ் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

நுரையீரல் புற்றுநோய் என்றதும் சிகரெட்தான் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. எப்படி? இந்தக் கேள்விக்கு 2023-ல் வெளியான ஓர் ஆய்வு எதிர்பாராத பதிலைத் தந்தது. மாசு கலந்த காற்றை நாம் சுவாசிக்கும்போது, நம்மைக் காப்பாற்ற ஓடிவரும் நோய் எதிர்ப்பு செல்களே புற்றுநோயைத் தட்டி எழுப்பக்கூடும் என்பதுதான் அந்தப் பதில்.

அந்த செல்களுக்குப் பெயர் வைத்தவர் இலியா மெச்னிகோவ். அவர் இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவை நம் உடலின் காவலர்கள் என்று உலகத்தையே நம்ப வைத்தவர் அவர். அதே செல்கள் ஒருநாள் நமக்கு எதிராகத் திரும்பும் என்று பிற்காலத்தில் எச்சரித்தவரும் அவரே.

பட்டான்செரு காற்றும் நம் நுரையீரலும்

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு பட்டான்செரு தெரிந்த பெயர்தான். நகரின் வடமேற்கு ஓரத்தில், மும்பை நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் 1972-ல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட். சுற்றிலும் மருந்து, ரசாயன ஆலைகள். நடுவே லாரிகள் ஓயாத சாலை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, 43 இடங்களை 'மிக மோசமாக மாசடைந்த பகுதிகள்' என்று பட்டியலிட்டது. அதில் பட்டான்செரு-பொல்லாரமும் ஒன்று. இன்று இக்ரிசாட் வளாகத்திலும், பக்கத்தில் உள்ள பாஷமைலாரம், பொல்லாரம் தொழிற்பேட்டைகளிலும் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன.

அவை அளப்பவற்றில் முக்கியமானது பி.எம். 2.5. அதாவது 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான விட்டமுள்ள நுண்துகள். தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியிலோ தொண்டைச் சளியிலோ சிக்காமல் நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய்விடும்.

அங்கே அதை எதிர்கொள்ளும் முதல் செல்தான் மேக்ரோபேஜ். தமிழில் பெருவிழுங்கி என்று சொல்லலாம். காற்றுப்பைகளில் உலாவிக்கொண்டே இருந்து தூசி, கிருமி, செத்த செல் என எது வந்தாலும் விழுங்கிவிடும். மருத்துவர்கள் இதைச் செல்லமாக 'தூசி செல்' என்றும் அழைப்பதுண்டு. இதற்குப் பயிற்சி தேவையில்லை, பிறக்கும்போதே நம்மோடு வருகிறது. அதனால்தான் இதைப் பிறவி நோய் எதிர்ப்பு அமைப்பின் பகுதி என்கிறார்கள். தடுப்பூசி போட்டு நாம் பழக்குகிற எதிர்ப்பாற்றல் வேறு வகை.

யார் இந்த மெச்னிகோவ்?

1845-ல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. அம்மா யூதப் பின்னணி கொண்ட குடும்பத்தில் வந்தவர். மெச்னிகோவ் சிறு வயதிலிருந்தே உயிரியல் மீது பைத்தியமாக இருந்தார். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பிறகு ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றி, கடல்வாழ் சிற்றுயிர்களை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். அவர் மருத்துவர் கிடையாது. நோய் எதிர்ப்பியலுக்கு அடித்தளம் போட்டவர் ஒரு விலங்கியல்காரர்.

தனி வாழ்க்கை அவரை மிகவும் சோதித்தது. 1869-ல் லுத்மிலா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மணப்பெண்ணுக்கு ஏற்கெனவே நுரையீரல் பாதிப்பு. நடக்க முடியாததால் நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். காசநோய் முற்றி 1873-ல் மதேரா தீவில் லுத்மிலா இறந்தார். துயரம் தாங்காமல் மெச்னிகோவ் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்தார்.

1875-ல் ஓல்காவை மணந்தார். சில ஆண்டுகளில் ஓல்காவுக்கு டைஃபாய்டு வந்து படுத்த படுக்கையானார். மெச்னிகோவ் மறுபடியும் நொறுங்கிப்போனார். 1881-ல் மீள்காய்ச்சல் நோயாளியின் ரத்தத்தைத் தன் உடலில் செலுத்திக்கொண்டார். அந்த நோய் ரத்தம் வழியாகப் பரவுமா என்று பார்க்கிறேன் என்பது வெளியே சொன்ன காரணம். மோசமாக நோயுற்று, இந்த முறையும் பிழைத்தார். ஓல்காவும் குணமடைந்தார். அதன் பிறகு அவர் வாழ்வின் மீது பெரும் பிடிப்புள்ள மனிதராக மாறினார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு ரோஜா முள், ஒரு நட்சத்திர மீன்

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் 1881-ல் கொல்லப்பட்ட பிறகு பல்கலைக்கழகங்களில் அரசியல் நெருக்கடி அதிகமானது. ஒடெசா பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு, ஓல்காவையும் அவருடைய தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு 1882-ல் இத்தாலியின் மெசினா நகரத்துக்குப் போனார். வீட்டு முன்னறைதான் ஆய்வகம்.

ஒருநாள் குடும்பமே குரங்கு சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தது. மெச்னிகோவ் மட்டும் வீட்டில். நட்சத்திர மீனின் லார்வாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே செல்கள் நகர்வது நேராகவே தெரியும். இந்த நகரும் செல்கள் உடலைப் பாதுகாக்கத்தான் இருக்கின்றனவோ என்று அவருக்குத் தோன்றியது. அப்படியென்றால் உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால் இவை அதைச் சூழ்ந்துகொள்ள வேண்டுமே?

தோட்டத்துக்குப் போய் சில ரோஜா முட்களைப் பறித்து வந்து லார்வாவின் தோலுக்குள் சொருகினார். அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன.

இதில் என்ன பெரிய விஷயம்? அந்தக் காலத்து மருத்துவர்களில் பலர், கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் அவற்றை உடல் முழுக்கச் சுமந்து பரப்புகின்றன என்று நம்பினார்கள். காயம் வீங்கிச் சிவப்பதும் வெறும் சேதத்தின் அடையாளம், ரத்தக்குழாய்களின் கோளாறு என்றுதான் பார்க்கப்பட்டது. நட்சத்திர மீன் லார்வாவுக்கோ ரத்தக்குழாயே கிடையாது. ஆனாலும் செல்கள் வந்தன. எனவே அழற்சி என்பது உடல் நடத்தும் தற்காப்பு என்றார் மெச்னிகோவ்.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியின் புகழ்பெற்ற நோய்க்குறியியலாளர் ருடால்ஃப் விர்சோ மெசினாவுக்கு வந்தார். மெச்னிகோவின் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஊக்கப்படுத்தினார், கவனமாக இருக்கும்படியும் சொன்னார். இதே விர்சோதான் 1863-ல் புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதைக் கவனித்து, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஊகித்தவர். அழற்சி நம்மைக் காக்கிறது என்ற கருத்தும், அழற்சி புற்றை வளர்க்கிறது என்ற கருத்தும் அன்று ஒரே மேசையில் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றாகச் சேர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பாரிஸில் ஒரு நீண்ட சண்டை

மெச்னிகோவ் இந்த செல்களுக்கு 'ஃபேகோசைட்', அதாவது விழுங்கும் செல் என்று பெயரிட்டார். அவற்றில் பெரியவை மேக்ரோபேஜ். சிறியவற்றை மைக்ரோபேஜ் என்றார். இன்று நாம் நியூட்ரோஃபில் என்று அழைப்பது இந்தச் சிறிய வகையைத்தான்.

1886-ல் ஒடெசாவில் தொடங்கிய நுண்ணுயிரியல் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1888-ல் பாரிஸ் சென்றார். லூயி பாஸ்டர் தன் நிறுவனத்தில் அவருக்கு ஆய்வகம் கொடுத்தார். கடைசி வரை அங்கேதான் இருந்தார்.

ஆனால் ஜெர்மன் விஞ்ஞானிகள் விடவில்லை. நோயை எதிர்ப்பது செல்கள் இல்லை, ரத்தத் திரவத்தில் இருக்கும் பொருட்கள்தான் என்றது ராபர்ட் கோக்கின் அணி. 1890-ல் அந்த அணியைச் சேர்ந்த பேரிங் சீரம் சிகிச்சையைக் கண்டுபிடித்தபோது மெச்னிகோவின் கட்சி தோற்றுவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். அவர் ஒவ்வொரு எதிர்ப்புக்கும் ஒரு சோதனை செய்து பதில் சொன்னார். கடைசியில் 1908-ல் மருத்துவ நோபல் பரிசு மெச்னிகோவுக்கும், எதிர்தரப்பின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இரு தரப்பு சொன்னதும் உண்மைதான் என்று பிற்கால அறிவியல் காட்டியது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஒடெசாவில் மெச்னிகோவிடம் படித்த வால்டெமார் ஹாஃப்கின், அவர் வழியாகவே பாரிஸ் நிறுவனத்துக்கு வந்து காலரா தடுப்பூசியை உருவாக்கினார். 1893-ல் இந்தியா வந்து ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டார். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

காவலர்கள் மீது அவருக்கே வந்த சந்தேகம்

வயதாக ஆக, மெச்னிகோவின் கவனம் முதுமையின் பக்கம் போனது. முதுமையை ஆராயும் துறைக்கு 'ஜெரன்டாலஜி' என்ற பெயரைக் கொடுத்ததும் அவரே. புளித்த பாலில் உள்ள பாக்டீரியா ஆயுளைக் கூட்டும் என்று அவர் சொல்லப்போய், ஐரோப்பாவில் தயிருக்கு மவுசு வந்தது. தினமும் மோர் குடிக்கிற நமக்கு அது பெரிய செய்தியாக இருக்காது.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்று இன்று கூடுதல் கவனம் பெறுகிறது. இளமையில் கிருமிகளைத் தின்னும் மேக்ரோபேஜ்கள், முதுமையில் சொந்த உடலையே தின்னத் தொடங்குகின்றன என்றார். முடி நரைப்பதற்குக்கூட, முடியின் நிறத்தை இந்தச் செல்கள் விழுங்குவதுதான் காரணம் என்று வாதிட்டார். அந்த விவரம் தவறு. ஆனால், நம் காவலர்கள் எப்போதும் நம் பக்கமே நிற்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது என்ற அடிப்படைச் சந்தேகம் தவறாகவில்லை.

1916 ஜூலையில் பாரிஸில் இதய நோயால் இறந்தார். அவரது அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

சரி, இதுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

நோபலுக்கு அடுத்த ஆண்டு, 1909-ல், எர்லிக் ஒரு கருத்தைச் சொன்னார். நம் உடலில் புற்று செல்கள் அடிக்கடி உருவாகின்றன, எதிர்ப்பு அமைப்பு அவற்றை அடக்கி வைப்பதால்தான் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை என்பது அது. இதில் நிறைய உண்மை இருக்கிறது. பிறவி எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த 'இயற்கைக் கொல்லி' செல்கள் புற்று செல்களை நேரடியாகவே கொல்லும். மேக்ரோபேஜும் அவற்றை விழுங்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கட்டி வளரத் தொடங்கியதும் இந்த செல்களைத் தன் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. முக்கியமாக நான்கு வழிகள்:

• ரத்த விநியோகம்: காயம் ஆறும்போது புதிய ரத்தக்குழாய்கள் முளைக்க மேக்ரோபேஜ் ரசாயன சமிக்ஞை அனுப்பும். கட்டிக்குள் மாட்டிய மேக்ரோபேஜும் அதையே செய்கிறது. கட்டிக்குச் சாப்பாடு கிடைக்கிறது.

• மற்ற காவலர்களைத் தடுப்பது: காயம் ஆறியதும் சண்டையை நிறுத்தச் சொல்வதும் மேக்ரோபேஜின் பொறுப்பு. கட்டிக்குள் அது அதே உத்தரவைக் கொடுக்க, புற்றைக் கொல்ல வந்த டி-செல்கள் சோர்ந்துவிடுகின்றன.

• 'என்னைத் தின்னாதே' அடையாளம்: பல புற்று செல்கள் தங்கள் மேற்பரப்பில் சி.டி. 47 என்ற புரதத்தை அதிகமாக வைத்துக்கொள்கின்றன. அதைப் பார்த்த மேக்ரோபேஜ், நம்ம ஆள்தான் என்று விட்டுவிடும்.

• தூங்குவதை எழுப்புவது: நியூட்ரோஃபில்கள் கிருமியைப் பிடிக்கத் தங்கள் டி.என்.ஏ-வையே வலை போல வெளியே வீசும். அமெரிக்காவில் எலிகளில் செய்யப்பட்டு 2018-ல் வெளியான ஆய்வில், புகையிலைப் புகையால் நுரையீரல் அழற்சியடைந்தபோது இந்த வலைகள் அங்கே செயலற்றுக் கிடந்த புற்று செல்களை எழுப்பிவிட்டன.

இந்தச் செல்கள் துரோகம் செய்யவில்லை. காயத்தை ஆற்றும் தங்கள் வழக்கமான வேலையைத்தான் பார்க்கின்றன. ஆறாத காயமாகக் கட்டி நடித்துக்கொண்டே இருப்பதால் அந்த வேலையும் நிற்பதில்லை.

2023 ஆய்வு என்ன சொன்னது?

லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்லஸ் ஸ்வாண்டன் தலைமையிலான குழு, இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் பிறழ்வு கொண்ட நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்தது. புகைக்காதவர்களுக்கு அதிகம் வரும் வகை இது. இங்கிலாந்து, தென் கொரியா, தைவான், கனடா ஆகிய நான்கு நாடுகளில் 32,957 பேரின் தரவுகளைப் பார்த்தபோது, பி.எம். 2.5 அதிகமுள்ள இடங்களில் இந்தப் புற்றுநோயும் அதிகமாக இருந்தது.

அடுத்த கண்டுபிடிப்புதான் பலரையும் யோசிக்க வைத்தது. புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளைச் சோதித்தபோது, 18% மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வும், 53% மாதிரிகளில் கே-ராஸ் என்ற மற்றொரு மரபணுப் பிறழ்வும் ஏற்கெனவே இருந்தன. வயது ஏற ஏற இப்படிச் சில செல்கள் சேருவது இயல்பு. பெரும்பாலும் அவை சும்மாவே கிடக்கும். அப்படியென்றால் சிலருக்கு மட்டும் அவை ஏன் எழுகின்றன?

எலிகளில் பதில் கிடைத்தது. மாசுத்துகள் உள்ளே போனதும் நுரையீரலுக்குள் மேக்ரோபேஜ்கள் திரண்டன. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் அதிகரித்தது. அந்தப் புரதம், பிறழ்வுள்ள செல்களைக் கட்டியாக வளரும் நிலைக்குத் தள்ளியது. புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தபோது கட்டி உருவாவது குறைந்தது.

அதாவது இங்கே தூசி புதிதாக மரபணுவைக் கெடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன செல்லை எழுப்பினாலே போதும். எழுப்புவது, தூசியைச் சுத்தம் செய்ய வந்த மேக்ரோபேஜ். மெசினாவில் ரோஜா முள்ளைச் சூழ்ந்த அதே எதிர்வினைதான் இது. ஒரே வித்தியாசம், இந்த முட்கள் ஒவ்வொரு மூச்சிலும் வந்துகொண்டே இருக்கின்றன.

அப்போ அழற்சியைத் தடுக்க மருந்து போட்டா சரியாகிடுமா?

அவ்வளவு சுலபம் இல்லை. 2017-ல் வெளியான கேன்டோஸ் என்ற ஆய்வில், மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தோ, போலி மருந்தோ கொடுக்கப்பட்டது. நோக்கம் இதயத்தைக் காப்பது. ஆனால் அதிகபட்ச அளவு மருந்து பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 67% குறைவாக இருந்தது தெரியவந்தது. உடனே, புற்றுநோய் வந்துவிட்டவர்களுக்கு இதைக் கொடுத்துப் பெரிய சோதனைகள் நடந்தன. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

கட்டி எழுவதைத் தடுப்பது வேறு, எழுந்துவிட்ட கட்டியை அடக்குவது வேறு என்பது இதிலிருந்து கிடைக்கும் ஒரு விளக்கம். மேலும் கேன்டோஸ் ஆய்வில் மருந்து எடுத்தவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்று அதிகமாக இருந்தன. காவலர்களின் கையைக் கட்டினால் கிருமிகள் நுழையும். மெச்னிகோவ் 1880-களில் சொன்னதும் அதைத்தானே!

பட்டான்செரு பக்கம் இருப்பவர்கள் பயப்பட வேண்டுமா?

மாசு உள்ள இடத்தில் வசிக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஒரு தனிநபருக்குப் புகைபிடிப்பதால் வரும் ஆபத்து, காற்று மாசால் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் மாசுக் காற்றை ஊரே சுவாசிக்கிறது. ஆகவே சிறிய ஆபத்தும் மொத்தத்தில் பெரிய எண்ணிக்கையாகிவிடும். இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு இருப்பதும் இங்கே நினைவில் கொள்ள வேண்டியது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. புகைபிடித்தால் நிறுத்துவதுதான் முதல் வேலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பார்த்துவிட்டு ஓடவோ நடக்கவோ போகலாம். மோசமான நாட்களில் என்-95 முகக்கவசம் உதவும். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயைக் காசநோய் என்று தவறாக நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது இன்றும் நடக்கிறது. காசநோய் மருந்துக்கு இருமல் அடங்கவில்லை என்றால், மறுபரிசோதனை கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முகக்கவசத்தால் மட்டும் தீராத பகுதியும் இருக்கிறது. பி.எம். 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த ஆண்டு சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். இந்தியாவின் சட்ட வரம்பு 40. பட்டான்செருவிலோ எண்ணூரிலோ ஓர் ஆலை விதிகளை முழுதாகப் பின்பற்றி, காற்றும் சட்ட வரம்புக்குள் இருந்தாலும், அங்கே மூச்சு விடுபவரின் மேக்ரோபேஜுக்கு உலக அளவுகோலைப் போல எட்டு மடங்கு வேலை இருக்கக்கூடும். அந்த வேலையைக் குறைப்பது ஆலைகளின் கையிலும், வரம்பை நிர்ணயிக்கும் அரசின் கையிலும்தான் இருக்கிறது.